காத்து படாத ரூம்

உள்ள வாங்க சார். தங்கச்சி, நீங்களும் வாங்க, பாப்பாவைத் தூக்கிக்கிட்டு வாங்க. செருப்போடயே வாங்க, ஒண்ணும் இல்ல. கதவைச் சாத்துங்க சார், முதல்ல கதவைச் சாத்துங்க. நல்லா இழுத்து அடிங்க, மழைக்கு ஊறிப்போய்க் கொஞ்சம் பிடிக்கும். ஆங். கீழ அந்தச் சாக்கு கிடக்குல்ல, அதைக் காலால கதவடியில தள்ளிவிடுங்க. அம்புட்டுதான். இனிமே ஒரு பொட்டு காத்து உள்ள வராது.

மரம் விழுந்தா விழுந்ததுதான் சார். கார்ல உக்காந்து ஹாரன் அடிச்சா அது எந்திரிச்சுப் போயிருமா? நான் ரோட்டு வேலைக்காரன், சொல்றேன் கேட்டுக்கங்க. இந்த மன்னவனூர் ரோட்டுல மழை பிடிச்சுச்சுன்னா ரெண்டு வளைவுக்கு ஒரு மரம் படுத்துரும். எங்க ஆளுக மரம் அறுக்கிற மிஷினை எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டாக, போன் போட்டுக் கேட்டுட்டேன். ஒரு மணி நேரம், மிஞ்சினா ஒண்ணரை. அதுவரைக்கும் இந்தப் பச்சப்பிள்ளையை நனைஞ்ச சட்டையோட கார்ல வச்சிருக்கலாமா? ரோட்டுல உங்க கையில பார்த்ததுமே கூட்டிக்கிட்டு வந்துட்டேன். மதியம் மூணு மணிதான் ஆவுது, வெளிய பாருங்க, மேகம் இறங்கி வேலிக்கு அந்தப் பக்கம் தெரியல. என்ன வயசு? மூணா? பேரு? மகிழினியா. நல்ல பேரு. இந்தா இந்தக் கம்பளியைச் சுத்துங்க தங்கச்சி, காதை மூடிச் சுத்துங்க. காது வழியாத்தான் கூதல் உள்ள போகும்.

இருங்க, பத்த வைக்கிறேன். தைல மரக் கட்டை, நல்லா காஞ்சது. இந்தா பிடிச்சிருச்சு பாருங்க. பதினோரு மாசம் சார். பதினோரு மாசமா பத்த வைக்காத அடுப்பு இது. எனக்கு ஒருத்தனுக்கு எதுக்கு? நான் கூதல்ல கிடந்தா செத்தா போயிருவேன்? இன்னைக்குப் பாப்பா வந்ததாலதான் பத்த வைக்கிறேன்.

பாக்குறீங்கல்ல? எல்லாரும் அப்படித்தான் பாப்பாக. கீழ ஒரு பேரல் படுத்திருக்கா, அதுதான் தீ எரியிற வயிறு. மேல ஒண்ணு படுத்திருக்கா, அதுல தீ கிடையாது, வெறும் சூடு மட்டும் சுத்தி வரும். நடுவுல குழாய். மேல இருந்து இன்னொரு குழாய் தகரக் கூரையைத் தாண்டி வெளிய போகுது. ரெண்டும் டீசல் பேரல். எங்க ரோடு ரோலருக்கு வந்தது. நானே அறுத்தேன், நானே வெல்டிங் வச்சேன். அடியில செங்கல்லு, செங்கல்லு மேல செம்மண்ணு. கதவு பாருங்க, கீலு பாருங்க. விரலை வச்சுப் பாருங்க, எங்கயாச்சும் இடுக்கு இருக்கான்னு.

அறுக்கும்போது பயம்தான், இல்லைன்னு சொல்லல. டீசல் இருந்த பேரலைச் சும்மா கட்டிங் வச்சா வெடிச்சிரும். கொடைக்கானல்ல ஒரு வெல்டருக்கு அப்படித்தான் மூஞ்சியே போச்சு. நான் வாய் வரைக்கும் தண்ணி ஊத்தி ரெண்டு நாள் வச்சிருந்தேன். அப்புறமும் பொறி பறக்கும்போது கண்ணை இறுக்கி மூடிக்கிட்டேன். எல்லாத்துலயும் பார்த்துப் பார்த்துச் செய்றவன் சார் நான். பயந்தவன். பயந்தவன் தப்புப் பண்ண மாட்டான், அதைச் சொல்றேன்.

எங்க பார்த்துச் செஞ்சேன்னா, செல்லுலதான். ஒரு வெள்ளைக்காரன், முழங்கால் அளவு பனி, வீட்டுக்குள்ள இதே மாதிரி ரெண்டு பேரல். முப்பது தடவை பார்த்திருப்பேன். பாஷை புரியாது, கை போற போக்கை வச்சே புரிஞ்சுக்கிட்டேன். கடைசியில அந்தாளு இந்தக் குழாய்கிட்ட வந்து நின்னுக்கிட்டு, ஜன்னலைக் காட்டி, குழாயைக் காட்டி, ஒரே பேச்சு. வேலையே செய்யல, வெறும் பேச்சு. அதைத் தள்ளிவிட்டுட்டேன்.

ஜன்னலைத் தொடாதீங்க சார்! அது வேணாம். காகிதம் ஒட்டியிருக்கு, கிழிஞ்சிரும். சூடு பிடிக்கிற வரைக்கும் அப்படித்தான் கொஞ்சம் இறுக்கமா இருக்கும். உக்காருங்க.

அந்த ஜன்னல்லதான் சார் எல்லாம் ஆரம்பிச்சது. எங்களுக்கு மூத்தது ஒரு பொம்பளப்பிள்ளை. இதே ரூம்புலதான் படுத்திருந்துச்சு. அப்ப இந்தக் கண்ணாடியில ஓரமா ஒரு விரல்கடை அளவு உடைஞ்சிருந்துச்சு. பாண்டிமீனா, என் சம்சாரம், சொல்லிக்கிட்டே இருந்தா, "ஏங்க, அதுவழியா ஊசி மாதிரி காத்து வருதுங்க, மாத்துங்க"ன்னு. நாளைக்கு மாத்துறேன்னேன். அடுத்த நாளும் நாளைக்குன்னேன். ரோட்டுல மண்ணு சரிஞ்சு கிடந்துச்சு, அந்த வேலை. பதினெட்டாம் நாள் பிள்ளைக்கு நெஞ்சு இழுத்துச்சு. ஜீப்புல தூக்கிக்கிட்டு ஓடினோம். பூம்பாறை தாண்டுறதுக்குள்ள கையில சூடு இல்லாம ஆயிருச்சு. நிமோனியான்னாக. எனக்குத் தெரியும் என்னன்னு. அந்த விரல்கடை ஓட்டை.

பேரு கூட வைக்கல சார் அதுக்கு.

அதுல இருந்து எனக்குக் காத்துன்னாலே ஆகாது. சோறு தின்னுக்கிட்டு இருப்பேன், எங்கயோ கதவு ஆடுற சத்தம் கேட்டா கை நின்னுரும். அஞ்சு வருஷம் கழிச்சு மறுபடி இவ உண்டானா. அவளுக்குச் சந்தோசம். எனக்குச் சந்தோசமே வரல, பயம்தான் வந்துச்சு. அதுவும் கணக்குப் பார்த்தா தை மாசம் பிறக்குது, முதுகெலும்பு வரைக்கும் கூதல் ஏறுற மாசம். முதப் பிள்ளைக்குத் தாய் வீடு, ரெண்டாவதுக்குப் புருசன் வீடுங்கிறது எங்க வழக்கம். வத்தலக்குண்டுல அவ ஆத்தா வீடு, வெக்கையான ஊரு, அங்க அனுப்பியிருந்தா தீர்ந்துச்சு. மூத்ததுக்கு வழக்கத்தை மீறி இங்கயே வச்சிருந்தோம், இந்தத் தடவையும் மீறுனா மறுபடி ஏதாச்சும் ஆயிருமோன்னு அதுக்கும் பயம்.

அப்பத்தான் இந்த அடுப்பைச் செஞ்சேன். அடுப்பு மட்டும் போதுமா? பிள்ளை பெத்தவளுக்கு முப்பது நாள் காத்து படக்கூடாதுன்னு உங்க ஊர்லயும் சொல்வாகல்ல? எங்க ஊர்ல காதுல பஞ்சை வச்சு, கதவுல போர்வையைத் தொங்கவிட்டா முடிஞ்சுது. நான் அப்படி விட்டுருவேனா? புதுக் கண்ணாடி போட்டேன். கண்ணாடியைச் சுத்தி மைதாப் பசை காய்ச்சிப் பேப்பர் ஒட்டினேன், மூணு அடுக்கு. தகரத்துக்கும் சுவத்துக்கும் நடுவுல இருந்த சந்தெல்லாம் சாக்கும் களிமண்ணும் வச்சு அடைச்சேன். கரண்டு ஒயர் வர்ற ஓட்டையில கூட மெழுகு. ஒரு ஊதுபத்தியைப் பத்த வச்சுக்கிட்டு சுவரு சுவரா நடந்தேன் சார். பொகை எங்கயாச்சும் ஆடுதா? ஆடல. நேரா, கோடு போட்ட மாதிரி மேல போச்சு. அன்னைக்குத்தான் நான் நிம்மதியாத் தூங்கினேன்.

இந்தா, இப்ப கட்டை எரிஞ்சு கங்காயிருச்சு பாருங்க. செக்கச்செவேல்னு. இனிதான் விசயமே இருக்கு. குழாயில இந்தக் கைப்பிடி தெரியுதா? உள்ள ஒரு இரும்புத் தட்டு இருக்கு. இது அந்த வெள்ளைக்காரன் செஞ்சது இல்ல, என் சொந்த மூளை. அந்தாளு குழாயில பாதித் தட்டுதான் இருந்துச்சு, சூடு பூராவும் வெளிய ஓடிப்போகும். நான் முழுத் தட்டா வெட்டிப் போட்டேன். கங்கு பிடிச்சதும் இப்படித் திருப்பிட்டா குழாய் மூடிக்கிரும். சூடு எங்க போகும்? ரூமுக்குள்ளதான் நிக்கணும். திருப்பியாச்சு. ஒரு பொட்டுப் பொகை வருதா பாருங்க. வராது. பொகை கட்டையிலதான் வரும், கங்குல ஏது பொகை?

பாப்பா கண்ணைச் சொருகுது பாருங்க. சூடு கண்டதும் எப்படிச் சுருண்டுக்கிருச்சு. தூங்கட்டும் தங்கச்சி, மடியிலயே போட்டுக்கங்க.

யாரோ தட்டுறாகளா? யாரும் இல்ல சார். உக்காருங்க. அது அவதான். பக்கத்து வீட்டுக்காரி. நான் அடுப்பைப் பத்த வைக்கும்போதே வேலியில வந்து நின்னு கூரையைப் பார்த்துக்கிட்டு இருந்தா, நான் கவனிச்சேன். முதல்ல பொகை வந்திருக்கும், இப்ப நின்னுருக்கும், அதான் வந்துட்டா. தட்டட்டும். அவ பேரு என் வாயில வராது. பதினோரு மாசமா வரல. அவளும் நானும் அக்கா தம்பியா இருந்தவுகதான். மூத்த பிள்ளை போனப்ப மூணு நாள் எங்க வீட்டுல அடுப்புப் பத்தல, அவதான் கஞ்சி கொண்டுவந்தா. எல்லாம் இருந்துச்சு. இப்ப இல்ல.

சொல்றேன், நீங்களே நியாயம் சொல்லுங்க.

பிள்ளை பிறந்துச்சு. ஆம்பளைப்பிள்ளை. ரெண்டே முக்கால் கிலோ. வீட்டுக்குக் கொண்டுவந்து இதே ரூம்புல, இதே கட்டில்ல போட்டேன். வெளிய புல்லெல்லாம் வெள்ளையா உறைஞ்சு கிடக்கு, உள்ள பாண்டிமீனாவுக்கு வேர்க்குது. எனக்கு எப்படி இருந்திருக்கும்? பிள்ளை முதல் வாரம் அழுதுச்சு. அப்புறம் அழுவல. சூடு பிடிச்சிருச்சுன்னு நெனச்சேன். நல்ல தூக்கம் சார். பாலுக்குக் கூட எந்திரிக்காது. கையைத் தூக்கி விட்டா பொத்துன்னு விழும். நான் தூக்கித் தூக்கி விட்டுப் பார்ப்பேன், விழும், சிரிப்பேன். பாண்டிமீனாவும் சிரிப்பா. அழுவாத பிள்ளை கிடைக்கிறது எம்புட்டுப் பெரிய குடுப்பினை.

அவளுக்குத்தான் கொஞ்சம் தலைவலி. காலையில எந்திரிக்கும்போது வாந்தி. பிள்ளை பெத்த உடம்புன்னு விட்டேன். அப்புறம் யோசிச்சா, அந்தப் பக்கத்து வீட்டுக்காரி வந்து பார்த்துட்டுப் போனதுல இருந்துதான். வாசல்ல நின்னு எட்டிப் பார்த்து, "அம்மாடி, என்ன தங்கமாயா, இப்படி அடைச்சு வச்சிருக்க, எறும்பு கூட நுழையாதே"ன்னா. கண்ணு. வேற என்ன? உப்பு, மிளகா சுத்திப் போட்டேன், இதே அடுப்புலதான் போட்டேன். மிளகா நெடி ரூமைச் சுத்தி நின்னுச்சு, வெளிய போகவே இல்ல. அப்படி ஒரு அடைப்பு.

பக்கத்து வீட்டுக்காரிக்குக் கொடைக்கானல்ல ஒரு லாட்ஜுல ரூம் பெருக்குற வேலை. ஒருநாள் என்னை ரோட்டுல நிப்பாட்டிச் சொல்றா, "தம்பி, எங்க லாட்ஜுல ரெண்டு பேரு கூதலுக்குக் கரிச்சட்டியை ரூமுக்குள்ள வச்சுக் கதவை மூடிப் படுத்தாக. நான்தான் காலையில டீ கொண்டுபோய்த் தட்டினேன். எந்திரிக்கவே இல்ல. ஒரு ஜன்னலையாச்சும் திறந்து வையிய்யா"ன்னு. நீங்க சொல்லுங்க தங்கச்சி, பச்சப்பிள்ளை இருக்கிற வீட்டைப் பார்த்துப் பேசுற பேச்சா இது? கரிச்சட்டிக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? இது குழாய் வச்ச அடுப்பு. பொகை இல்லாத அடுப்பு. சொன்னேன். கேட்டாளா? நான் வேலைக்குப் போனதும் வந்து கதவைத் திறந்து வச்சுட்டுப் போவா. ரெண்டு தடவை. மூணாவது நாள் நான் பூட்டுப் போட்டேன்.

ஆமா சார், வெளிய. பூட்டிச் சாவியை இடுப்புல சொருகிக்கிட்டுப் போனேன். ஏன் அப்படிப் பாக்குறீங்க? திறந்துவிடுறாளே, என்ன பண்ணச் சொல்றீங்க? விரல்கடை ஓட்டைக்கே ஒரு உசுரு போயிருக்கு. முழுக் கதவு திறந்திருந்தா?

அன்னைக்கு இருபத்தி மூணாம் நாள். காலையில ரெண்டு பெரிய கட்டை போட்டு, கங்கு பிடிக்கிற வரைக்கும் காத்திருந்து, தட்டைத் திருப்பிட்டுக் கிளம்பினேன். பாண்டிமீனா தூக்கத்துலயே "போயிட்டு வாங்க"ன்னு சொன்ன மாதிரி இருந்துச்சு. சொல்லலையோ என்னமோ. பத்து மணிக்கு வேலையில நிக்கிறேன், என்னமோ மனசு கேக்கல. காரணமே இல்ல. மேஸ்திரிகிட்டச் சொல்லிட்டு வந்துட்டேன். வளைவு திரும்பும்போதே தெரியுது, வீட்டு ஜன்னல்ல கண்ணாடி இல்ல.

இந்த ஜன்னல் சார். இதே ஜன்னல். முழுசா உடைஞ்சு கிடக்கு. அந்தக் கேரட் காட்டு ஓரத்துல, ஈரப் புல்லு மேல, என் பொண்டாட்டி படுத்துக் கிடக்கா. பக்கத்துல பிள்ளை. மேகத்துக்குள்ள. துணி விலகி, வெறும் நெஞ்சோட. பிள்ளை மேல குனிஞ்சு உக்காந்து வாயில ஊதிக்கிட்டு இருக்கா அந்தப் பொம்பள, கையெல்லாம் ரத்தம். கண்ணாடி கிழிச்சிருக்கு. அது அவளாத் தேடிக்கிட்டது.

எனக்கு மூத்தது கையில சில்லிட்டுப் போனது அப்படியே வந்துச்சு சார். கத்தினேனா, கத்தலையா, தெரியாது. பிள்ளையைப் பிடுங்கினேன். பூட்டைத் திறந்தேன். அவ என் காலைக் கட்டிக்கிட்டா. "உள்ள கொண்டுபோகாத, உள்ள கொண்டுபோகாத, உன் கால்ல விழுறேன்"னு ஊரே கேக்குற மாதிரி அலறுறா. உதறினேன். கையைக் கடிச்சா. இந்தா பாருங்க, கட்டைவிரலுக்குக் கீழ, பல்லுத் தடம் இன்னும் இருக்கு. நான் விடல. உள்ள போய்க் கதவைச் சாத்தினேன். ஜன்னல் வழியாக் காத்து ஆறு மாதிரி வருது. அதை அடைக்க ஒரு துணியும் கைக்கு ஆப்பிடல. என் முதுகை வச்சேன். முதுகை வச்சு அந்த ஓட்டையை அடைச்சுக்கிட்டு, பிள்ளையை அடுப்புப் பக்கம் காட்டிக்கிட்டு நின்னேன். ஒரு அப்பன் வேற என்ன செய்வான்?

அப்புறம் காலு ரெண்டும் துவண்டுச்சு. பயத்துலதான். எப்படி வெளிய வந்தேன்னு நெனப்பு இல்ல, நானா வந்திருப்பேன். அவ இழுத்துட்டு வந்ததாச் சொல்லிக்கிறா. கண்ணு முழிச்சுப் பார்த்தா நானும் புல்லு மேல கிடக்கேன். பிள்ளை வீல்னு கத்துது. ரெண்டு வாரமா அழுவாத பிள்ளை. கூதல் பட்டா பிள்ளை கத்தாதா?

ஆஸ்பத்திரியில மூணு பேருக்கும் மூக்குல ஆக்சிஜன் மாட்டிவிட்டாக. கூதலுக்குத்தான். டாக்டரம்மா சின்னப் பிள்ளை, படிச்சிட்டு வந்து ஆறு மாசம் இருக்கும். "கங்குல இருந்து வர்ற விஷக் கரிக்காத்து, கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கும் தெரியாது"ன்னுச்சு. கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாதுன்னா அப்புறம் அது இருக்குன்னு எப்படித்தான் சொல்றாக? படிச்சவுக.

பாண்டிமீனா அங்க இருந்து வீட்டுக்கு வரல. நேரா வத்தலக்குண்டு போயிட்டா. கோவிச்சுக்கிட்டுப் போனா பரவாயில்ல, சண்டை போட்டிருந்தாலும் பரவாயில்ல. என்னைப் பார்த்துப் பயந்துபோய்ப் போனா சார். பிள்ளையை என் கையில குடுக்க மாட்டேங்கிறா. போன்ல ஒரே பேச்சுத்தான், "அந்த அடுப்பு அங்க இருக்கிற வரைக்கும் நானும் வரமாட்டேன், பிள்ளையும் வராது." பதினோரு மாசம். இப்ப எந்திரிச்சு நிக்குமாம். நான் பார்க்கல.

தூக்கிப் போட்டுறலாம், என்ன, நாலு போல்ட்டு. அரை மணி நேர வேலை. எல்லாரும் அதைத்தான் சொல்றாக. ஆனா தூக்கிப் போட்டா என்ன அர்த்தம் சார்? யோசிச்சுப் பாருங்க. இது தப்பு, நான் தப்புன்னு ஆயிரும்ல? என் பிள்ளையை நானே பூட்டி வச்சுக் கொல்லப் பார்த்தேன்னு ஆயிரும்ல? அதை எப்படி நான் ஒத்துக்கிறது? ஒத்துக்கிட்டா அப்புறம் எப்படித் தூங்குறது? அதனாலதான் கண்ணாடியைத் திரும்ப மாட்டினேன். பேப்பர் ஒட்டினேன். எல்லாத்தையும் முன்ன இருந்த மாதிரியே வச்சிருக்கேன்.

இன்னும் தட்டுறா பாருங்க. நிறுத்தவே மாட்டாளா.

என்ன தங்கச்சி, தலை வலிக்குதா? வளைவுல ஏறி வந்ததுக்கு அப்படித்தான் இருக்கும். புதுசா வர்றவுக எல்லாருக்கும் வரும். எனக்கே இப்ப லேசா வலிக்குது, பழசெல்லாம் பேசினேன்ல, அதான். குமட்டுதா? இருங்க, தண்ணி தாரேன். எந்திரிக்காதீங்க. சார், நீங்க என்ன, தலையைச் சுவத்துல சாச்சுட்டீங்க? களைச்சுப் போயிருப்பீங்க. பாப்பாவை இப்படிக் கொண்டாங்க, நான் கொஞ்ச நேரம் வச்சிருக்கேன். பிள்ளை தூக்கி நாளாச்சு.

வாடா கண்ணு. நல்ல கனம். சூடா இருக்கு. எம்புட்டு நல்லாத் தூங்குது பாருங்க, ஒரு அசைவு இல்ல. கை பாருங்க, குட்டிக் கை. இந்தா, தூக்கி விட்டா...

விழுந்துருச்சு.

சார்.

இன்னொரு தடவை தூக்குறேன். பொத்துன்னு விழுது. இல்ல, நல்ல தூக்கம் அது. அழுவாத பிள்ளை. இப்படித்தான், இதே மாதிரித்தான் அவனும். நான் தூக்கித் தூக்கி விட்டு... நான் சிரிச்சேன் சார். நான் சிரிச்சேன்.

எழுப்புங்க தங்கச்சி. பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க. மகிழினி! ஏ மகிழினி! பாப்பா! தங்கச்சி, நீங்க ஏன் சாயிறீங்க, எந்திரிங்க, ஏய் எந்திரிங்க! சார், தூங்காதீங்க, கண்ணைத் திறங்க! கதவு. கதவு. இந்தச் சாக்கு சிக்கிக்கிச்சு. வர மாட்டேங்குது. அய்யோ, பிடிச்சுக்கிருச்சு, இழுத்தா வரல, என் காலு நிக்கல. அந்தக் கட்டை. அந்த வெறகுக்கட்டை எங்க? முருகா, பிள்ளை மேல பட்டுறக்கூடாது. திரும்பிக்கடா கண்ணு, மாமன் நெஞ்சுல ஒட்டிக்க.

உடையி. உடையி, நாசமாப் போன கண்ணாடி!

எஸ்தரக்கா! ஏ எஸ்தரக்கா! இங்கக்கா, ஜன்னலுக்கு வாங்கக்கா! பிடிங்க பிள்ளையை. கையைக் குடுங்க, கண்ணாடி இருக்கு, பார்த்து. புல்லு மேல போடுங்க. துணியை விலக்குங்கக்கா, கம்பளியை எடுத்து எறிங்க, காதுல காத்துப் படட்டும், மூஞ்சியில படட்டும். ஊதுங்கக்கா, அவனுக்கு ஊதினீங்கல்ல, அப்படி ஊதுங்க. கதவை வெளிய இருந்து மிதிங்க! சார், என் தோளைப் பிடிங்க. தங்கச்சியை நான் இழுத்துக்கிறேன். மிதிங்கக்கா!

வந்துருச்சு.

படுங்க தங்கச்சி, இங்கயே படுங்க, ஈரம் பரவாயில்ல. வாந்தி எடுங்க, எடுத்துருங்க. சார், மூச்சை இழுங்க. நல்லா இழுங்க. அக்கா, என்னக்கா? பிள்ளை எப்படி இருக்கு? கையைத் தூக்கிப் பாருங்க. நான் பார்க்க மாட்டேன், எனக்குத் தைரியம் இல்ல, நீங்க பாருங்க. சொல்லுங்கக்கா, கால்ல விழுறேன், ஏதாச்சும் சொல்லுங்க.

அழுவுது.

அழுவுதுக்கா. சார், உங்க பிள்ளை அழுவுது. அழட்டும், யாரும் வாயைப் பொத்தாதீங்க, சமாதானம் சொல்லாதீங்க. நல்லா அழு கண்ணு. இன்னும் கத்து.

அக்கா, உங்க கையில மறுபடியும் ரத்தம். போன் வச்சிருக்கீங்களா? முதல்ல ஆம்புலன்ஸுக்குப் போடுங்க. அப்புறம் பாண்டிமீனாவுக்குப் போடுங்க. நீங்களே பேசுங்க, என் குரல் கேட்டா வச்சிருவா. என்ன சொல்றதா? தப்புப் பண்ணினது நான்தான்னு சொல்லுங்க. அம்புட்டுத்தான். நான்தான்னு சொன்னா அவளுக்குப் புரியும்.

எங்க போறீங்க? வேணாம்க்கா. அந்தக் கதவைச் சாத்தாதீங்க. கூதல் போனாப் போகட்டும், திறந்தே கிடக்கட்டும்.